அறுகம் குடா: அலைச்சறுக்குப் பயணம்

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்துப் பொத்துவிலை ஒட்டிய அறுகம் குடா, உலகெங்குமிருந்து அலைச்சறுக்கு ஆடுவோர் தேடி வரும் இடம். அறுகம்பை என்றும் எழுதுவர். குடாவின் கரையிலுள்ள ஊர் உல்லை. பொத்துவில் பிரதேசத்தில் தமிழ் பேசும் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். தமிழரும் சிங்களவரும் உடன் வாழ்கின்றனர். மட்டக்களப்போடும் பதுளையோடும் ரயில் பாதை நின்றுவிடுகிறது. கொழும்பிலிருந்து வருவோர் மொனராகலை, லகுகலை வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் வரவேண்டும். லகுகலைக் காட்டில் யானைகள் சாலையைக் கடப்பது வழக்கம்.

இங்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பருவம். தென்பெருங்கடலின் குளிர்காலப் புயல்கள் கிளப்பும் அலைத்திரள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து குடாவின் தென்முனையில் மோதுகிறது. முனையைச் சுற்றி வளையும்போது அது மொத்தமாகச் சரியாமல், முனையில் தொடங்கி உட்புறம் நோக்கித் தொடர்ச்சியாக உடைந்துகொண்டே வரும். பலகையில் நிற்பவர் தம் வலப்பக்கமாக வெகுதூரம் அதில் சறுக்கிச் செல்லலாம். அந்த மாதங்களில் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் மேல்காற்றைக் கிழக்கிலங்கையில் கச்சான் என்பார்கள். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் அந்தக் காற்று அலையின் முகத்தை நிமிர்த்தி வழுவழுப்பாக்குகிறது. வெயிலில் வயலைக் காய வைக்கும் கச்சான்தான் இந்தக் கடலுக்கு அழகு சேர்க்கிறது. வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். ஆடுவோர் தென்மேற்குக் கரையின் ஹிக்கடுவை, வெலிகம பக்கம் போய்விடுவர்.

சறுக்க வேறு இடங்களும் உண்டு: இந்த முதன்மை முனைக்கு வடக்கே விஸ்கி பாயிண்ட், பொத்துவில் பாயிண்ட். தெற்கே பீனட் ஃபார்ம், பாணமையைத் தாண்டி உகந்தை.

1970களிலேயே வெளிநாட்டார் பலகையோடு வரத் தொடங்கினர். 1983இல் உள்நாட்டுப் போர் மூண்டபின் வரத்து மெலிந்தாலும் அடியோடு நிற்கவில்லை. பயண எழுத்துகளில் இக்கரையைக் குறிக்க அடிக்கடி வரும் சொல் ‘தீண்டப்படாதது’. அது தவறான சொல் என்றே கொள்ளவேண்டும். கரை வெறிச்சோடிக் கிடந்ததற்குக் காரணம் சோதனைச் சாவடிகளும் அதிரடிப்படை முகாம்களும் அச்சமும்தான். தெற்கே கிழக்கு யால தேசிய பூங்கா, இன்றைய குமண, 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. வடக்கிலிருந்து கரையோரமாக நடந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரையும் போரால் தடைப்பட்டது. வெளியூர்க்காரர் அமைதி என்று கண்டதை, உள்ளூர்க்காரர் அடைபட்ட வழியாக அனுபவித்தனர்.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்தத்துக்குப் பின் விருந்தினர் இல்லங்கள் பெருகின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை உல்லையைத் துடைத்துப்போட்டது. பொத்துவிலோடு இணைக்கும் பாலமும் சேதமுற்றது. பின்னர் அமெரிக்க உதவியுடன் புதுப் பாலம் எழுந்தது. 2006 செப்டம்பரில் பொத்துவிலுக்கு அருகே முஸ்லிம் தொழிலாளர் பத்துப் பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அரசு விடுதலைப் புலிகளைக் குற்றம்சாட்டியது; ஊர் மக்கள் பலர் அதை ஏற்கவில்லை.

போர் 2009 மே மாதம் முடிந்தபின் வரத்து பெருகியது. 2018இல் உள்ளூர்ப் பெண்கள் தமக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினர். மீன்பிடிக் குடும்பங்களில் கடலுக்குப் போவது ஆண்களின் வேலையாகவே இருந்துவந்த கரையில், இது இப்பயண வரலாற்றின் மிக முக்கியமான நிகழ்வு எனலாம். அரசியல் ஓய்ந்துவிடவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளும் 2022 பொருளாதார நெருக்கடியும் பருவங்களைக் கெடுத்தன. காணி அபகரிப்பையும் காணாமலாக்கப்பட்டோரையும் முன்வைத்து 2021 பெப்ரவரியில் வடக்கே பொலிகண்டி வரை நடந்த பேரணி பொத்துவிலில்தான் புறப்பட்டது. 2024 அக்டோபர் 23 அன்று, அறுகம் குடாவின் சுற்றுலா இடங்கள் தாக்கப்படலாம் என்று கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தன் குடிமக்களை வெளியேறச் சொன்னது. மீண்டும் சாவடிகள் முளைத்தன.

பருவத்தின் உச்சத்திலேயே கதிர்காமத் திருவிழாவும் வருகிறது. உகந்தை முருகன் கோயிலில் தங்கிய அடியார்கள் குமணக் காட்டுவழி திறக்கும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். பலகைகளைக் கூரையில் கட்டிய முச்சக்கரவண்டிகள் அதே பாணமை வீதியில் அவர்களுக்குப் பக்கத்தில் கடலுக்குப் போகும்.