தொப்புள் எங்கிருந்து வந்தது? வடலூர் நித்திய கரும விதியில் புலனுறுப்புத் தூய்மை

இராமலிங்க அடிகள் அருளியதாக வழங்கும் நித்திய கரும விதி, பொழுது விடியுமுன் எழுவது முதல் அன்றாடம் செய்யவேண்டியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் செல்லும் சிறிய உரைநடை. மலசலம் கழித்தபின் காது, கண், மூக்கு, வாய், தொப்புள் ஆகிய இடங்களில் சேர்ந்திருக்கும் அசுத்தத்தை வெந்நீரால் ஒட்டறத் துடைக்கவேண்டும் என்று அதில் ஓரிடம் வருகிறது. நெய்வேலி நகரியத்துக்கு அண்டை ஊரான வடலூரில் பிறந்த மரபு இது. இந்த இடத்தை ஆயுர்வேதம் கூறும் தினசரியையின் தமிழ் வடிவமென்று கொள்வது எளிது. ஐம்புலன் உறுப்புகளையும் காலையில் தூய்மை செய்யச் சொல்லும் நூல் வடமொழியில் இருக்கிறது, அதையே தமிழில் அடிகள் சொன்னார் என்று முடித்துவிடலாம். அந்த முடிவு பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். காது, கண், மூக்கு, வாய் என்று செல்லும் வரிசையில் தொப்புள் ஏன் நிற்கிறது என்று கேட்டால், இந்த விதியின் பின்னணி வேறு திசையில் இருப்பது தெரியும்.

வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் இரண்டாம் அத்தியாயத்தில் பல் துலக்கியபின் கண்ணுக்கு அஞ்சனம், மூக்குக்கு நசியம், வாய்க்குக் கொப்புளிப்பு, பிறகு புகை, கடைசியில் தாம்பூலம் என்ற ஒழுங்கு இருக்கிறது. அதன் அடிப்படைக் கருத்து ஒன்றே. கண் ஒளியால் ஆனது, அதற்குக் கபத்தால் ஆபத்து. எனவே மருந்திட்டுக் கபத்தை வடியச் செய்யவேண்டும். சௌவீராஞ்சனத்தை நாள்தோறும் தீட்டச் சொல்லும் வாக்படர், நீரை வடிக்கும் ரசாஞ்சனத்தை ஏழு இரவுக்கு ஒருமுறை என்கிறார். சரகர் அதையே ஐந்து அல்லது எட்டு இரவுக்கு ஒருமுறை என்றார். அவரவர் கணக்கு வேறானாலும் செயல் ஒன்று: உறுப்புக்குள் மருந்தைச் செலுத்தி, உள்ளிருப்பதை வெளியே இழுப்பது. வடலூர் விதியின் காலை வரிசையில் அஞ்சனமும் இல்லை, நசியமும் இல்லை, புகையும் இல்லை. ஏற்கெனவே வெளியே வந்து நிற்பதைத் துடைப்பதோடு உறுப்பின் வேலை முடிகிறது. மருந்து அதன்பின் வருகிறது, அதுவும் வயிற்றுக்குள்: கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்ந்த தூளைத் தண்ணீரும் பசும்பாலும் கலந்து, தண்ணீர் சுண்டும்வரை காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை சேர்த்துக் குடிப்பது. தாம்பூலமும் இடம் மாறிவிட்டது. வாக்படரிடம் எல்லாம் முடிந்தபின் வாய் மணக்கப் போடுவது, அடிகளிடம் எழுந்து சிறிது உட்கார்ந்து தியானித்தவுடன், மலசலத்துக்கும் முன்பே, பாக்கு மிகுதியாகவும் வெற்றிலை சுண்ணாம்பு குறைவாகவும் வருகிறது. ஒரு நூலைத் தழுவியவர் சரக்கை மாற்றுவதுண்டு. வரிசையையும் மாற்றி, நோக்கத்தையும் மாற்றியபின் தழுவல் என்ற சொல்லில் என்ன மிஞ்சும்? அடிகள் பல் துலக்கச் சொல்லும் ஆலம் விழுதைச் சுட்டி, வாக்படரும் பல்குச்சிக்கு ஆலைச் சொல்கிறாரே என்று வாதிடலாம். ஆலும் வேலும் பல்லுக்கு நல்லது என்று எழுத்தறியாதவரும் சொல்லும் நாட்டில், அதற்கு வடமொழி மூலம் தேடுவது வீண் வேலை.

தேரையர் பெயரில் உள்ள பிணியணுகா விதியிலிருந்து வந்ததாகக் கொள்ளலாமா? அதுவும் கடினம். அப்பாடல் ஆறு திங்களுக்கு ஒருமுறை வாந்தி மருந்து, நான்கு திங்களுக்கு ஒருமுறை பேதி, ஒன்றரைத் திங்களுக்கு ஒருமுறை நசியம், நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, மூன்று நாளைக்கு ஒருமுறை கண்ணுக்கு மை என்று தவணை வகுக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, புலனுறுப்பு மருத்துவம் தமிழில் தவணை முறையாக இருந்தது என்பதே. நாள்தோறும் காலையில் செய்யும் கடனாக அது அமையவில்லை. திருமுக்கூடல் கல்வெட்டு இதற்கு ஒரு பக்கத் துணை தருகிறது. வீரராசேந்திரன் காலத்து (11-ஆம் நூற்றாண்டு) அந்த நீண்ட சாசனத்தை எபிகிராபியா இண்டிகாவில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் பதிப்பித்தார். பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலர்சாலையில் ஓர் ஆண்டுக்கு வைத்திருக்கவேண்டிய மருந்துகளின் பட்டியல் அதில் வருகிறது. அரீதகிப் பாகங்கள், ஆமணக்கெண்ணெய் சேர்ந்த தைலங்கள், நெய்கள் ஆகியவற்றின் வரிசையில் விமலை, சுநேத்திரி, தாம்ராதி என்ற பெயர்களும் உள்ளன. சுநேத்திரி கண் மருந்து என்பதைப் பெயரே காட்டிக்கொடுக்கிறது. மற்ற இரண்டையும் அதனோடு சேர்த்துக் கண்ணுக்குரியவை எனக் கொள்வது ஊகம்தான், ஆனால் நியாயமான ஊகம். கண்ணுக்கிடும் மருந்து வைத்தியரின் பெட்டகத்துச் சரக்காக இருந்ததே தவிர, கிணற்றடியில் வைத்துக்கொள்ளும் பொருளாக இருந்ததற்கு இங்கே அடையாளமில்லை. ஒரே ஒரு சாசனத்தை வைத்து இதற்கு மேல் நீட்ட முடியாது. மருத்துவசாலையின் கணக்கு வீட்டின் பழக்கத்தைக் காட்டாது என்று ஒருவர் மறுத்தால், அம்மறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

மருத்துவ நூல்கள் உதவாதபோது ஆசார நூல்களிடம் போகவேண்டும். அங்கே ச. வையாபுரிப் பிள்ளை வழிமறித்து நிற்கிறார். ஆசாரக்கோவை தரும சூத்திரங்களையும் ஸ்மிருதிகளையும் அடியொற்றியது என்று அவர் காட்டியது தமிழாய்வில் ஆழமாக வேரூன்றிய முடிபு. அதை மறுக்க எனக்கு எண்ணமில்லை. நூலின் சிறப்புப் பாயிரமே முனிவர் வழி வந்த ஆசாரம் என்று ஒப்புக்கொள்கிறது. உண்டபின் வாய்பூசும் முறையைச் சொல்லும் செய்யுளை எடுத்துக்கொண்டால் பிள்ளையவர்களின் கட்சி இன்னும் வலுக்கிறது: நன்றாக உமிழ்ந்து, வாயைத் துடைத்து, மும்முறை நீர் குடித்து, மீண்டும் துடைத்து, முகத்திலுள்ள உறுப்புகளை விரலால் தொடவேண்டும் என்பது அதன் பொருள். மனு இரண்டாம் அத்தியாயத்தில் சொல்லும் ஆசமனத்துக்கும் இதற்கும் வேற்றுமை மிகக் குறைவு. பிள்ளையவர்களோடு நான் மாறுபடுவது முடிபில் அல்ல, முடிபுக்குப்பின் அவர் நின்றுவிடும் இடத்தில். மூலம் கிடைத்தவுடன் செய்யுளின் கருத்தும் கிடைத்துவிட்டதாக அவர் முறை எடுத்துக்கொள்கிறது. கடன் வாங்கியவன் அதை எதற்குச் செலவிட்டான் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

இந்த முறையின் குறை ஆசாரக்கோவைக்குள்ளேயே தெரிகிறது. விடியற்பொழுதில் குச்சி மென்று கண்ணைக் கழுவித் தெய்வத்தைத் தொழவேண்டும் என்று மற்றொரு செய்யுள் கூறுகிறது. பல் துலக்குவது ஸ்மிருதிகளிலும் உண்டு, மருத்துவத்திலும் உண்டு. குச்சிக்கு அடுத்த அடியில் கண்ணைக் கழுவுவது வருவதோ, சுசுருதர் சிகிச்சைத் தானம் இருபத்துநான்காம் அத்தியாயத்தில் பல்லை அடுத்து முகத்தையும் கண்ணையும் நெல்லிக்காய் நீராலோ குளிர்ந்த நீராலோ கழுவச் சொல்லும் ஒழுங்குக்கு நெருக்கமாக இருக்கிறது. இது மெல்லிய சான்று. முகம் கழுவும் எந்த மனிதனும் இப்படித்தான் செய்வான் என்று தள்ளிவிடலாம். ஆயினும் ஒரு நூலின் எல்லாச் செய்யுளுக்கும் ஒரே பெட்டியிலிருந்து மூலம் எடுக்கும்போது இத்தகைய நெருக்கங்கள் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. பிள்ளையவர்களின் முறையை அப்படியே வடலூருக்குக் கொண்டுவந்தால் விளைவு இன்னும் மோசமாகும். அங்கே மூலம் உண்மையாகவே ஆசமனமாக இருக்கக்கூடும். கருத்து ஆசமனத்துக்கு நேர் எதிராக இருக்கிறது.

தொப்புளுக்கு வருவோம். அடிகளின் வாக்கியத்தில் ஐந்து இடங்கள் பெயர் பெறுகின்றன. அவற்றில் சேரும் அசுத்தங்களோ நான்குதான்: அழுக்கு, பீளை, சளி, ஊத்தை. காதுக்கு அழுக்கு, கண்ணுக்குப் பீளை, மூக்குக்குச் சளி, வாய்க்கு ஊத்தை என்று நிரனிறையாகப் பொருந்திவிடுகின்றன. தொப்புளுக்கு எதுவும் மிஞ்சவில்லை. அதற்கும் காதின் அழுக்கே போதும் என்று சொல்லலாம். ஆனால் மற்ற நான்கும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தும்போது, ஐந்தாவது உறுப்பு முன்பே கையிலிருந்த ஒரு பட்டியலிலிருந்து கூடவே வந்தது என்ற ஐயம் வலுக்கிறது. அந்தப் பட்டியல் எது? ஐம்புலன் பட்டியல் ஆகாது, ஏனெனில் அதில் தொப்புள் இல்லை. சரகர் மலம் வெளியேறும் வாயில்களாகத் தலையில் ஏழும் கீழே இரண்டும் வியர்வைத் துளைகளும் சொல்கிறார், அங்கும் இல்லை. ஒன்பது வாயில் என்று தமிழில் பாடப்படும் கணக்கிலும் இல்லை. கடோபநிடதத்தின் பதினொரு வாயிலுக்கு உரை கண்டவர்கள் தொப்புளைச் சேர்த்தார்கள், ஆனால் அங்கே அது உயிர் குடியிருக்கும் நகரத்தின் வாயில், துடைப்பதற்குரிய இடம் அல்ல. ஆசமனத்தில் மட்டுமே கண், மூக்கு, காது, தொப்புள் ஆகியவை ஒன்றாக, அதுவும் நீரோடு, அதுவும் காலையில், வருகின்றன. தமிழ்நாட்டு வைதிக வழக்கில் பத்மநாபனின் பெயர் சொல்லித் தொப்புளைத் தொடுவது இன்றும் நடக்கிறது. சைவப் பூசை மரபின் ஆசமனத்திலும் தொப்புளுக்கு இடமுண்டு. ஆசாரக்கோவை முகத்து உறுப்புகளோடு நின்றுவிடுவதால், அடிகளின் பட்டியல் அந்த நூலின் வழியாக வந்திருக்க முடியாது. ஏட்டுக்கு வெளியே நடப்பிலிருந்த சடங்கே அதன் வாயில்.

அப்படியானால் இதுவும் சடங்குத் தூய்மையே என்று முடிவு கட்டலாமா? ஒரே ஒரு சொல் அதைத் தடுக்கிறது: வெந்நீர். ஆசமனத்துக்குச் சுடாத, நுரையில்லாத நீர் வேண்டும் என்பது மனுவின் வெளிப்படையான விதி. சடங்கில் நீர் தொட்டாலே போதும். உறுப்பில் அழுக்கு இருந்ததா, போனதா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அடிகள் தொடுவதைத் துடைப்பதாக மாற்றினார், குளிர்ந்த நீரை வெந்நீராக்கினார், கேசவன் முதலான நாமங்கள் இருந்த இடத்தில் பீளையையும் சளியையும் வைத்தார். இதற்குச் சற்று முன்பே மலசலம் கழிக்கும்போது அடிவயிற்றைக் கையால் பிடித்திருக்கச் சொல்வதையும் சேர்த்துப் படித்தால், உடம்பை உடம்பாகவே பார்க்கும் பார்வை தெளிவாகும். சாதி ஆசாரத்தை வெளிப்படையாக மறுத்தவர் ஆசாரத்தின் சட்டகத்தை எடுத்து உள்ளீட்டை மாற்றிவிட்டார் என்று படிப்பதில் முரணில்லை.

இரண்டு மறுப்புகளுக்கு விடை சொல்ல வேண்டும். நெய்வேலிச் சுற்றுவட்டாரத்தில் இந்த விதியைப் படிக்கும்போது சுரங்கப் புழுதியும் அனல்மின் நிலையச் சாம்பலும் நினைவுக்கு வராமல் இருக்காது. காதும் மூக்கும் துடைப்பது அந்த மண்ணுக்கேற்ற சுகாதாரம் என்று தோன்றும். பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது 1956-இல். அடிகள் மறைந்தது 1874-இல். செம்மண் புழுதி அதற்கு முன்பும் இருந்ததென்று சமாதானம் சொன்னாலும், பீளையும் சளியும் ஊத்தையும் வெளியிலிருந்து வந்து படிவன அல்ல, உடம்பு தானே வெளியேற்றுபவை. இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் எந்தத் தமிழ்ப் பாட்டியும் காது, கண், மூக்கு, வாய் துடைத்துத் தொப்புளையும் விடாமல் துடைப்பாள், அதுவும் வெந்நீரில். இதற்கு ஆசமனமும் வேண்டாம், பத்மநாபனும் வேண்டாம். என் வாதத்துக்கு இதுதான் உண்மையான சோதனை. நிரனிறைக் கணக்கு வாங்கிய பட்டியலைக் காட்டுகிறது என்று நான் சொன்னது, பாட்டியின் பட்டியலுக்கும் பொருந்தக்கூடும். ஆசமனம் நீர், காலை, உறுப்புகளின் சேர்க்கை ஆகிய மூன்றையும் விளக்குகிறது. குளியல் வெந்நீரையும் சேர்த்து விளக்குகிறது. எனக்கு ஆசமனமே சாய்வு, ஏனெனில் வாக்கியம் தொப்புளை முடித்தபின் கைகால் முதலிய உறுப்புகளுக்குப் போகிறது, தலையைத் தொடவில்லை. குழந்தைக் குளியலில் தலையை விடுவதில்லை. ஆசமனத்திலும் கடைசியில் தலை தொடப்படும் என்பது இந்தச் சாய்வுக்குக் குறுக்கே நிற்பதை மறைப்பதற்கில்லை. எது வென்றாலும் வாக்படர் வெளியேதான் இருக்கிறார்.

கால வரையறை இதைவிடச் சிக்கல். அடிகள் 1858 முதல் கருங்குழியிலும், சத்திய தருமச்சாலை தொடங்கிய 1867 முதல் வடலூரிலும், 1870 முதல் மேட்டுக்குப்பத்திலும் இருந்தார். நித்திய கரும விதிக்கு நாள் குறிப்பு இல்லை. சீடர்கள் வழியாகவே நமக்கு வந்து சேர்ந்தது. விதி திருநீறு அணிவதோடு தொடங்குகிறது. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில் சமய மத ஆசாரங்களில் இலட்சியம் வைக்கவேண்டாம் என்று கூறியவர், அதன்பின் திருநீற்றோடு தொடங்கும் விதியைச் சொல்லியிருப்பாரா என்று கேட்டு, இதை அதற்கு முந்திய காலத்தில் வைக்கலாம். ஆனால் சொன்னது அடிகள், எழுதியது சீடர் என்றால், திருநீறு எழுதியவரின் கையிலிருந்து வந்திருக்கலாம். அந்த வழியில் தொப்புளும் வந்திருக்கலாம். சடங்கில் பழகிய ஒரு சீடர், ஆசிரியர் சொன்ன நான்கு உறுப்புகளோடு தன் கை வழக்கமாகப் போகும் ஐந்தாவதையும் எழுதிவிட்டார் என்றால், நான்கு அசுத்தம் ஐந்து உறுப்பு என்ற கணக்கு இன்னும் எளிதாக விளங்கிவிடும். அப்போது ஆசமனத்தின் சுவடு அடிகளுடையது ஆகாது, கேட்டு எழுதியவருடையதாகும். இந்த இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லும் சான்று, கையெழுத்துப் படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கே கிடைக்கும்.