சென்னையின் மே மாத வெயில்

சென்னையில் மே மாதம் என்றாலே கத்திரி வெயில்தான். பஞ்சாங்கத்தில் அக்னி நட்சத்திரம் என்று குறிக்கப்படும் இந்த நாட்கள் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடிகின்றன. சூரியன் பரணி நட்சத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் நுழைந்து, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தை முடிக்கும் காலம் இது. (இந்தக் கணக்கு நட்சத்திரங்களை வைத்துப் போடப்படுவதால் சுமார் 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கத்திரி இன்றையதைவிட மூன்று நாள் முன்னதாகவே வந்திருக்கும்!)

ஆனால் சென்னையில் சூரியன் நடு உச்சிக்கு வருவது கத்திரியில் அல்ல. ஏப்ரல் 24, 25 வாக்கிலேயே அது நடந்துவிடுகிறது. மறுபடியும் ஆகஸ்ட் 18 வாக்கில் ஒருமுறை உச்சிக்கு வருகிறது. அப்படியிருந்தும் ஆகஸ்டில் வெயில் மே மாதத்தைப் போல் கொளுத்துவதில்லை. அப்போது தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்களும் மாலை நேர இடி மழையும் வந்துவிடுகின்றன. மே மாதத்தில் அந்த மேகம் இல்லை, நிலமோ இரண்டு மாதமாகச் சூடேறிக் கிடக்கிறது.

இந்தச் சூட்டைக் கருவி கொண்டு அளக்கும் பழக்கம் சென்னையில் மிகப் பழையது. 1786ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக் கூடம் வைத்திருந்தார். கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது. 1792ல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி புதிய கட்டடம் எழுந்தது. அதன் நினைவாகத் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் எழுத்துகள் பொறித்த பெரிய கருங்கல் தூண் ஒன்று அந்த வளாகத்தில் இருக்கிறது. அங்கே 1796 முதல் ஜான் கோல்டிங்ஹாம் வானிலையைக் குறித்து வைக்கத் தொடங்கினார். சூட்டைக் கொண்டு அவர் செய்த ஒரு வேலை சுவையானது. 1820, 1821ஆம் ஆண்டுகளில் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுட்ட பீரங்கிகளின் வெளிச்சம் தெரிந்த பின் எத்தனை நொடி கழித்துச் சத்தம் வருகிறது என்று நுங்கம்பாக்கத்தில் இருந்தபடியே கணக்கெடுத்தார். குளிர்ந்த ஜனவரியைவிடச் சூடான மாதங்களில் சத்தம் விரைவாக வந்து சேர்ந்தது. சென்னை வெயில் ஒலியின் வேகத்துக்கே பாடம் சொன்னது எனலாம்.

மே மாதத்தில் நகரின் சராசரி உச்ச வெப்பம் 37, 38 டிகிரி செல்சியஸ். இரவிலும் சூடு அதிகம் இறங்குவதில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாள் 36ல் நிற்குமா, 42ஐத் தொடுமா என்பதைத் தீர்மானிப்பது கடற்காற்றுதான். காலை வெயிலில் நிலம் சூடேறி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. நண்பகலுக்கு முன்பே வந்துவிட்டால் நகரம் பிழைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கி உலர்ந்து வரும் மேல்காற்று பலமாக இருந்தால், கடற்காற்று கரையிலேயே தடுக்கப்பட்டு மூன்று மணி, நான்கு மணி என்று தாமதமாகும். நாளிதழ்கள் "வெயில் சதமடித்தது" என்று ஃபாரன்ஹீட்டில் எழுதும் நாட்கள் பெரும்பாலும் இவைதான். கடலுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில் நுங்கம்பாக்கத்தைவிட அதிகம் பதிவாவதும் இதனால்தான். காற்று வந்த பிறகு சூடு குறைந்தாலும் ஈரம் கூடிவிடுகிறது. வியர்வை காயாது. அந்தப் புழுக்கத்தைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்!

2003ஆம் ஆண்டு மே மாதத்தில் வங்கக் கடலில் உருவான புயல் மியான்மர் பக்கம் போய்விட்டது. ஆந்திராவில் வெயிலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி, அதாவது 113 டிகிரி ஃபாரன்ஹீட், பதிவாயிற்று. பஞ்சாங்கப்படி கத்திரி முடிந்த பிறகு வந்த வெயில் அது.

வெயில் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் அதிலிருந்து தப்பிக்கும் வழி என்றைக்கும் பொதுவாக இருந்ததில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆளுநரும் அதிகாரிகளும் கோடையில் உதகமண்டலத்துக்குப் போய்விடுவார்கள். 1870களில் அது மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகராகவே ஆகிவிட்டது. சென்னையிலேயே தங்கிய வசதியானவர்களுக்கு 1842 முதல் ஐஸ் கிடைத்தது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, பல மாதக் கடல் பயணத்தில் கொண்டுவந்தது ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனம். அதை வைப்பதற்காகத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் இந்த வியாபாரம் படுத்தது. கிடங்கு பிலிகிரி ஐயங்காரின் வீடாயிற்று. 1897ல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான்.

பங்களாக்களில் வெட்டிவேர்த் தட்டியும் பங்காவும் இருந்தன. பங்காக் கயிற்றை இழுத்தவர் பெரும்பாலும் வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். காற்று உள்ளே, இழுப்பவர் வெளியே. இன்றைய குளிர்சாதனப் பெட்டியும் அறையின் சூட்டைத் தெருவில்தானே கொட்டுகிறது! மற்றவர்களுக்கு நீர்மோர், நுங்கு, கோயில் வாசல் தண்ணீர்ப்பந்தல், மொட்டை மாடித் தூக்கம். 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் மெரினாவில் நடைபாதை அமைத்தபின் மாலைக் கடற்காற்று வாங்கவும் ஓர் இடம் கிடைத்தது. காசு கேட்காத ஓர் ஏற்பாடு அது.

வானிலை நிலையம் சொல்லும் 40 டிகிரி என்பது தரைக்கு மேல் நாலைந்து அடி உயரத்தில், வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள், நிழலில் எடுத்த அளவு. வேறு வேறு ஊர்களையும் ஆண்டுகளையும் ஒப்பிட அதுதான் சரியான முறை. ஆனால் சித்தாள் வேலை செய்பவர், தள்ளுவண்டிக்காரர், தார் ஊற்றுபவர், தகரக் கூரைக்குக் கீழே சமைப்பவர் ஆகியோர் வாங்கும் சூடு அந்தப் பெட்டிக்குள் நுழைவதில்லை. புயலுக்கும் வெள்ளத்துக்கும் உயிரிழந்தால் நிவாரணம் உண்டு, வெயிலில் சுருண்டு விழுந்தவருக்கு இல்லை என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் முடிவானது. யாரோ புண்ணியத்துக்கு வைத்துவந்த தண்ணீர்ப்பந்தலும் அந்த அறிவிப்பின் மூலம் பேரிடர் நிதிக் கணக்கில் ஒரு செலவாக ஏறியது.