எடோவின் முன்கடலும் பழவேற்காட்டு ஏரியும்

சுஷி என்றால் பச்சை மீன். பச்சை மீன் நமக்கு ஆகாது. நம்மில் பெரும்பாலோரின் சுஷி அறிவு இவ்விரண்டு வாக்கியங்களோடு நிறைவடைந்துவிடுகிறது. சற்றுக் கூடுதலாக அறிந்தவர்கள், டோக்கியோவின் சந்து ஒன்றில் எட்டுப் பேரோ பத்துப் பேரோ மட்டுமே அமரக்கூடிய சிறிய கடையைப் பற்றிப் படித்திருப்பார்கள். நீண்ட மரப்பலகை ஒன்று. இப்புறம் உண்பவர்கள், அப்புறம் கத்தியுடன் ஒருவர். உணவுப் பட்டியல் கிடையாது. 'ஒமகாசே' என்று சொல்லி அமர்ந்துவிட வேண்டும். 'உங்களிடமே விட்டுவிட்டேன்' என்பது அதன் பொருள். அன்று காலை கிடைத்த மீனைப் பார்த்து அவர் தருவதே விருந்து.

இப்போது அது செல்வந்தர்களின் பொழுதுபோக்காகிவிட்டது. அதைப் பற்றி நாம் எழுத வேண்டிய அவசியம் என்ன என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அந்தப் பலகையின் வரலாற்றைத் தோண்டினால், ஒரு பெருநகரின் வாசலில் கிடந்த கடலுக்கு என்ன நேர்ந்தது என்ற கதை வெளிப்படுகிறது. சென்னையின் வாசலிலும் அப்படியொரு நீர்ப்பரப்பு உண்டு. மீஞ்சூரில் இரயிலை விட்டு இறங்கிக் கிழக்கே சென்றால் காட்டுப்பள்ளி. வடக்கே சென்றால் பழவேற்காடு. ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

முதலில், சுஷியின் தொடக்கத்தில் பச்சை மீனே இல்லை. மீனை உப்பிட்டு, வடித்த சோற்றில் புதைத்துப் பல மாதங்கள் புளிக்கவைப்பதுதான் ஆதி முறை. நெல் விளையும் தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து அது ஜப்பானுக்குச் சென்றது என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. சோறு மீனைக் காக்கும் உறை மட்டுமே. உண்ணும்போது அதை வழித்து எறிந்துவிடுவார்கள். பீவா ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் 'ஃபுனாசுஷி' என்ற பெயரில் இன்றும் அது வழங்குகிறது. கி.பி. 927இல் தொகுத்து முடிக்கப்பட்ட 'எங்கிஷிகி' என்ற சட்டத் தொகுப்பு, மாகாணங்கள் அரசுக்குச் செலுத்த வேண்டிய வரிப்பொருள்களுள் சுஷியையும் சேர்த்திருக்கிறது. கருவாடு தெரிந்த நமக்கு இதில் வியப்பேதுமில்லை. உப்பும் கொறுக்காய்ப்புளியும் சேர்த்து இலங்கைக் கரையோரங்களில் ஊறவைக்கும் 'ஜாடி'யும் ஏறத்தாழ இதே குடும்பம்தான்.

மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை நகரத்துக்கு ஏது? இன்று டோக்கியோ எனப்படும் எடோ, 18ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த மாநகரம். தச்சர்கள், சுமைகூலிகள், ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டுப் பிழைக்க வந்தவர்கள் என ஆண்கள் நிறைந்த ஊர். அவர்களுக்கு வேண்டியது தெருவில் நின்றபடியே இரண்டு வாயில் உண்டு முடிக்கக்கூடிய உணவு. புளிப்புக்காகக் காத்திராமல் சோற்றில் காடியை, அதாவது வினிகரைக் கலந்தார்கள். அந்தக் காடியையும் மலிவாக்கிக் கொடுத்தவர் ஹண்டா என்ற ஊரின் நகானோ மாதசாயெமோன். அரிசி மது வடித்தபின் எஞ்சும் மண்டியிலிருந்து 1804 முதல் அவர் காடி தயாரித்தார். 1820களில் ரியோகோகு பகுதியில் ஹனாயா யோஹெய் என்பவர் கையளவு சோற்றைப் பிடித்து, அதன்மேல் மீன்துண்டை வைத்து, கண்முன்னாலேயே விற்றார் என்கிறது மரபு. அவர்தான் முதல்வரா என்ற வழக்கு இருக்கட்டும். அந்த உணவின் பெயர் 'நிகிரி'. பிடித்தது என்று பொருள். பிடிகொழுக்கட்டை உண்டு வளர்ந்த நமக்கு இதைவிட எளிதாக யாரும் விளக்கிவிட முடியாது!

அந்நாளைய பிடி இன்றுள்ளதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரியது. விற்றது தள்ளுவண்டி போன்ற தெருக்கடையில். உண்டவர்கள் நின்றுகொண்டு உண்டார்கள். ஹிரோஷிகேவின் அச்சுச் சித்திரங்களில் இத்தகைய கடைகளைக் காணலாம். பனிக்கட்டியோ குளிர்பெட்டியோ இல்லாத காலமாதலால், மீனும் அப்படியே பச்சையாக வைக்கப்படவில்லை. சூரையைச் சோயாச் சாற்றில் ஊறவைத்தார்கள். மத்தியின் உறவான 'கொகதா' என்ற சிறுமீனை உப்பிலும் காடியிலும் போட்டார்கள். கடல் விலாங்கை வேகவைத்தார்கள்; இறாலையும் அவித்தார்கள். நேற்று வைத்த மீன்குழம்பின் சுவையறிந்த தமிழருக்கு இந்த அறிவு அந்நியமானதன்று.

இந்த உணவுக்கு வாய்த்த பெயர் 'எடோமாயெ'. எடோவின் முன்புறம் என்று பொருள். கோட்டைக்கு எதிரே கிடந்த விரிகுடாவை அது குறித்தது. முதலில் அங்கே பிடிபட்ட விலாங்குக்கு வழங்கிய அடைமொழி, பின்னர் சுஷிக்கு இடம்பெயர்ந்தது. சிப்பி, இறால், கொகதா, கடல் விலாங்கு, ஏன், சுற்றி உருட்டும் 'நோரி' என்ற கடற்பாசிகூட அந்த ஆழமற்ற நீரிலிருந்தே வந்தது. 'முன்கடல்' என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஒரு சமையல் முறை தன் செய்முறையால் பெயர் பெறாமல், மீன் கிடைத்த நீரால் பெயர் பெற்றிருப்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

எடோவுக்கும் பழவேற்காட்டுக்கும் நேரடியாகவே ஓர் இழை உண்டு. இழை என்றால் மெய்யாகவே நூலிழை! ஒல்லாந்தர் 1609இல் ஜப்பானின் ஹிராதோவில் வணிகக் கூடம் அமைத்தனர். அடுத்த ஆண்டு விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரின் ஒப்புதலோடு பழவேற்காட்டில் காலூன்றினர். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடமாக 1690 வரை இருந்தது இதுவே. இக்கரையின் துணிகள் படாவியா வழியாகக் கீழைக்கடல் முழுதும் சென்றன. மலாய் மக்கள் இன்றும் 'கைன் பெலேகாட்' என்றழைக்கும் கைலியின் பெயரில் ஒளிந்திருப்பது பழவேற்காடுதான். ஜப்பானில் ஒருவகைக் கோடிட்ட பருத்தித் துணிக்கு 'சந்தொமே' என்று பெயர். அது நமது சாந்தோம். யோஹெய் சோறு பிடித்ததாகச் சொல்லப்படும் அதே 1820களில், 1825ஆம் ஆண்டு, ஒல்லாந்தர் பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினர். செதுக்கு வேலைப்பாடுடைய கல்லறைகள் மட்டும் அங்கே எஞ்சியிருக்கின்றன. வரலாற்றுச் சுற்றுலா செல்பவர்கள் அவற்றைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஏரியை யாரும் வரலாற்றுச் சின்னமாகப் பார்ப்பதில்லை.

சமைப்பவர் எதிரிலேயே அமர்ந்து மீன் உண்ணும் வழக்கம் நம் கரையில் இல்லையா? உண்டு, எடோவுக்கு மிக முற்பட்டும் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்தின் கள் விற்கும் வீடுகளைக் காண்கிறோம். வாசலில் கொடி பறக்கிறது. முன்றிலில் மணலைக் குவித்துப் பூக்களைத் தூவியிருக்கிறார்கள். மீனையும் இறைச்சியையும் அரிந்து பொரிக்கும் ஓசை கேட்கிறது. பலர் உள்ளே நுழைந்தவண்ணம் இருக்கிறார்கள். புலவர் பொரியலின் சுவையைப் பற்றி எழுதாமல் ஓசையைப் பற்றி எழுதியிருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அடுப்பு கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவில் இருந்தால்தானே ஓசை கேட்கும்!

அந்த முன்றில் பழவேற்காட்டில் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. முன்கூட்டிச் சொல்லி வைத்தால் மீனவர் வீட்டிலேயே சமைத்துத் தருகிறார்கள். என்ன கிடைக்கும் என்று கேட்டால் என்ன பட்டதோ அது என்பதுதான் விடை. மடவையோ கிழங்கானோ இறாலோ களி நண்டோ, காலையில் வலையைப் பார்த்த பிறகே தெரியும். 'ஒமகாசே'க்கு இதைவிட நேர்த்தியான உரை வேறில்லை என்பது நம் கருத்து. சிறு வேறுபாடு ஒன்றுண்டு: அங்கே சமைப்பவர் கடைக்காரர்; இங்கே பெரும்பாலும் வலை வீசியவரின் வீட்டுப் பெண்.

அந்த வலைக்கு ஓர் ஒழுங்கு இருந்து வருகிறது. 'பாடு' என்று பெயர். ஏரியில் இறால் ஓடும் இடங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. எனவே உரிமையுள்ள குப்பங்கள் இடத்தையும் நாளையும் பங்கிட்டுச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கின்றன. இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை நகர்ந்துவிட வேண்டும். இதற்கு வெளியே நிற்பவர்களும் உண்டு. வலையின்றி, இடுப்பளவு நீரில் அமர்ந்தும் தவழ்ந்தும் வெறுங்கையால் இறால் தடவிப் பிடித்து, பல்லால் கவ்விய பறியில் சேர்க்கும் இருளர்கள். பாடு முறையைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகள் பலவும் இவர்களை மறந்துவிடுவது சரியன்று.

மீண்டும் டோக்கியோவுக்குச் செல்வோம். 1923 செப்டம்பர் 1ஆம் நாள் நிலநடுக்கத்தில் நகரம் எரிந்து அழிந்தபோது, பிழைப்பிழந்த சுஷிக்காரர்கள் தத்தம் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். எடோவின் உணவு நாடெங்கும் பரவ அதுவும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போருக்குப்பின் வந்த பஞ்சம் இன்னும் சுவையான திருப்பத்தைத் தந்தது. 1947இல் உணவகங்களை நடத்த அரசு தடை விதித்தது. சுஷிக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். 'நாங்கள் உணவு விற்கவில்லை. நீங்கள் கொண்டுவரும் அரிசியை வேலை செய்து தருகிறோம், அவ்வளவே' என்று வாதிட்டு இசைவு பெற்றார்கள். ஒரு 'கோ' அரிசி, அதாவது சுமார் 150 கிராம் கொடுத்தால் பத்து சுஷி, கூலி தனி. நெய்தல் நிலத்துப் பெண்கள் மீனைக் கொடுத்து நெல்லை வாங்கிய பண்டமாற்றை நம் பழம்பாடல்களில் படித்தவர்களுக்கு, அந்தக் கடைவாசல் வரிசை பழகிய காட்சியாகவே தோன்றும்.

அதன் பின்னரே, தெருக்கடை மறைந்து உள்ளரங்கப் பலகையும் நாற்காலியும் நிலைபெற்றன. குளிர்பெட்டி வந்தது, பச்சை மீனும் பெருகியது. 1958இல் ஒசாகாவுக்கு அருகே ஷிராய்ஷி யோஷியாகி, பீர்ப் புட்டிகள் நகரும் பட்டையைக் கண்டு, தட்டுகள் சுழன்று வரும் கடையைத் தொடங்கினார். அது தனிக்கதை.

நமக்கு முக்கியமான ஆண்டு 1962. துறைமுக விரிவாக்கத்துக்காக, டோக்கியோ நகரின் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இழப்பீடு பெற்றுக்கொண்டு விரிகுடாவில் தமக்கிருந்த மீன்பிடி உரிமையைக் கைவிட்டன. ஓமோரிக் கரையில் தலைமுறைகளாக நடந்துவந்த நோரி வளர்ப்பு அடுத்த ஆண்டோடு முடிந்தது. ஆழமற்ற நீரில் மண் கொட்டப்பட்டு ஆலைகளும் கிடங்குகளும் எழுந்தன. 'எடோமாயெ' என்ற பெயர் மட்டும் கடைப் பலகைகளில் தொடர்ந்தது. முன்கடலின் பெரும்பகுதி போன பிறகும் முன்கடல் சுஷி விற்றது!

மீன் எங்கிருந்து வந்தது? எங்கெங்கிருந்தோ வந்தது. அவற்றுள் நம் கரையும் ஒன்று. 1970களிலும் 80களிலும் இந்தியாவின் உறையவைத்த இறாலுக்கு மிகப்பெரிய சந்தை ஜப்பான்தான். கூடைக்கணக்கில் விற்ற இறால், எண்ணிக்கையும் தரமும் பார்த்து விலை பேசும் பொருளாகியது. 1990களில் கரையோரமெங்கும் இறால் பண்ணைகள் முளைத்தன; வயலும் குடிநீரும் உவர்த்தன. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சிலிகா ஏரியிலிருந்தும் பழவேற்காட்டு ஏரியிலிருந்தும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கலாகாது என்று பெயர் குறிப்பிட்டே சொன்னது. 2005இல் வந்த தனிச் சட்டம் ஒழுங்குமுறைகளை மாற்றிவிட்டது; எனினும் ஏரியின் பெயர் அந்தத் தீர்ப்பில் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது.

இப்போது மீஞ்சூர்ச் சாலைக்கு வருவோம். 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அது காமராசர் துறைமுகம். அனல்மின் நிலையங்கள் பெருகின. 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. காட்டுப்பள்ளியில் எழுந்த துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்குச் சென்றது. சுமார் 330 ஏக்கரில் உள்ள அதை 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டுக் குப்பங்கள் எதிர்த்து வருகின்றன. கரை அரிக்கும், முகத்துவாரம் பாதிக்கப்படும், ஏரியின் இறால் போகும் என்பது அவர்கள் அச்சம். 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் நடப்பதாக இருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியது.

துறைமுகம் வேண்டாம் என்று மேசைமுன் அமர்ந்து எழுதுவது எளிது. டோக்கியோவின் வளம் அந்தத் துறைமுகத்தால் வந்தது என்பதும் உண்மையே. ஆனால் 1962இல் உரிமையைக் கைவிட்டவர்களுக்குப் பணமாவது கிடைத்தது. அவர்கள் கைவிட்டது எழுத்தில் இருந்த உரிமை. பாடு முறைக்கு அப்படி என்ன எழுத்து இருக்கிறது? வெறுங்கையால் இறால் தடவும் இருளருக்கு எந்த உரிமையை விலை பேசுவார்கள்?

டோக்கியோ விரிகுடாவிலும் எல்லாம் தூர்ந்துவிடவில்லை. சிபா மாநிலத்தில், ஃபுனாபாஷி ஊருக்கு எதிரே 'சன்பான்ஸே' என்ற சேற்றுத்திட்டு கிடக்கிறது. அதையும் தூர்க்க முதலில் 740 ஹெக்டேருக்குத் திட்டமிட்டார்கள். எதிர்ப்பு வலுக்கவே 1999இல் அது 101 ஹெக்டேராகச் சுருங்கியது. 2001இல் ஆளுநராகத் தேர்வான தோமோதோ அகிகோ அவ்வாண்டே திட்டத்தைக் கைவிட்டார். ஃபுனாபாஷியின் மீனவர்கள் இன்றும் அந்நீரில் 'சுசுகி' என்ற கொடுவாய் போன்ற மீனைப் பிடிக்கிறார்கள். கொகதாவும் அங்கே கிடைக்கிறது. அது நகரத்துப் பலகைக்கு வந்து சேரும் நாளில், எடோமாயெ என்ற சொல்லுக்குப் பழைய பொருளே பொருந்துகிறது.