கத்தரியால் வெட்டிய காசு

1518-ஆம் ஆண்டு டென்மார்க்கில் நான்கு மூலைகளோடு ஒரு காசு புழக்கத்துக்கு வந்தது. பெயர், கிளிப்பிங். வெள்ளியோடு செம்பு கலந்த உலோகத்தைத் தகடாக அடித்து, கத்தரியால் சதுரம் சதுரமாக வெட்டி, முத்திரை குத்தினார்கள். வட்டமாக நறுக்கி எடுக்க நேரம் பிடிக்கும். அரசர் இரண்டாம் கிறிஸ்டியனுக்கோ அவசரம்.

அவசரத்துக்குக் காரணம் சுவீடன். 1397-இல் உருவான கல்மார் ஒன்றியத்தின்படி டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றுக்கும் ஒரே மன்னர். சுவீடன் அதற்குக் கட்டுப்பட மறுத்தது. 1517, 1518 படையெடுப்புகள் இரண்டும் தோற்றன. மூன்றாவது முறை ஜெர்மானிய, பிரெஞ்சு, ஸ்காட்லாந்துக் கூலிப்படைகளைத் திரட்டினார் கிறிஸ்டியன். செலவு மலையாக ஏறியது. காசில் வெள்ளி குறைந்தது. பளபளப்பு மேல்பூச்சோடு நின்றது. கைமாறக் கைமாறச் செம்பு பல்லிளித்தது.

சந்தைக்கு வந்த குடியானவர் தானியத்தைக் கொடுத்து இந்தச் சதுரத்தை வாங்கிப் போனார். போருக்கான வரி அவருக்கே தெரியாமல் அந்த இடத்தில் வசூலானது. கிளிப்பிங்கின் கொடுமையே இதுதான்.

மூன்றாவது படையெடுப்பு வென்றது. 1520 நவம்பரில் ஸ்டாக்ஹோமில் முடிசூடிய கையோடு, எண்பதுக்கும் மேற்பட்டோரின் தலையைக் கொய்ய வைத்தார் கிறிஸ்டியன். அவர்களில் ஒருவரின் மகன் கஸ்தாவ் வாசா. டாலர்னா மாநில மக்களைத் திரட்டிக் கலகக்கொடி தூக்கிய அவரும் பணத்துக்கு நாடியது அதே வழியைத்தான்! 1521-இல் ஹெடமோரா என்ற சிற்றூரில் அவர் பெயரிலும் கிளிப்பிங் அச்சாயிற்று. விடுதலைப் போரின் சுமையும் ஏழை விவசாயியின் மடியில்தான் இறங்கியது.

ஆனால், கப்பலும் கடனும் தந்து உதவிய லூபெக் நகர வணிகர்களிடம் சதுரக் காசு எடுபடுமா? 1523-இல் கஸ்தாவ் அரசரானார். கடன் மட்டும் தீரவில்லை. அதை அடைக்க 1531-இல் தேவாலய மணிகளையே அவர் கேட்டபோது, டாலர்னா அவருக்கு எதிராகவே எழுந்தது.

கிறிஸ்டியன் அதே 1523-இல் நாட்டைவிட்டு ஓடினார். திரும்பிவந்து பிடிபட்டு, 1532 முதல் சிறைவாசம். 1559-இல் கலுண்ட்போர்க் கோட்டையில் இறந்தார்.

நான்கே ஆண்டுகளில், 1563-இல், டென்மார்க்கும் சுவீடனும் மறுபடி மோதின. ஒருபுறம் இரண்டாம் ஃபிரெடெரிக், மறுபுறம் கஸ்தாவின் மகன் பதினான்காம் எரிக். இருவருமே சதுரக் காசு வெட்டினார்கள்.