மருத்துவத்துக்கு ஓர் அளவுகோல் தந்த ரோசலின் யாலோ

உணவு உண்ணுமுன் நம் இரத்தத்தின் ஒரு மில்லிலிட்டரில் எவ்வளவு இன்சுலின் இருக்கும், தெரியுமா? ஒரு கிராமை நூறு கோடிக் கூறுகளாக்கினால், பொதுவாக அதில் ஒரு கூறுக்கும் குறைவு! இதை அளக்க வழி கண்ட இருவரில் ஒருவர் மருத்துவரல்லர். இயற்பியல் பயின்ற பெண்மணி. அவர்தாம் ரோசலின் யாலோ.

1921-இல் நியூயார்க்கில் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், ஹண்டர் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது, யூதர், அதிலும் பெண். படித்தாலும் வேலை கிடைக்காது என்று ஒரு பல்கலைக்கழகம் தயங்கியது. ஒரு விஞ்ஞானியிடம் சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்து, அவ்வழியே பாடம் கேட்கவும் யாலோ துணிந்தார். அவ்வேளையில், 1941-இல், இல்லினாய் பல்கலைக்கழகம் இடமளித்தது. இளைஞர்கள் படைக்கு அழைக்கப்பட்டதால் கிடைத்த இடம் அது! அங்கே ஆய்வகப் பயிற்சி ஒன்றில் மட்டும் அவரது தரம் சற்றே குறைந்தது. பெண்களுக்கு ஆய்வக வேலை சரிவராது என்பதற்கு அதுவே சான்று என்றார் துறைத் தலைவர்.

1945-இல் டாக்டர் பட்டம் பெற்ற யாலோ, 1947-இல் பிராங்க்ஸ் நகர்ப்பகுதியின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சேர்ந்தார். துப்புரவுப் பணியாளரின் சாமான் அறையே அவரது முதல் ஆய்வுக்கூடம்! 1950-இல் சாலமன் பெர்சன் என்ற மருத்துவர் அவருடன் இணைந்தார்.

இன்சுலினில் கதிரியக்க அயோடினைச் சேர்த்து இருவரும் ஆராய்ந்தனர். இன்சுலின் ஊசி போட்டுவந்த நோயாளிகளின் இரத்தத்தில் அது நெடுநேரம் தங்கியது. உடலில் உண்டான எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொண்டதே காரணம். அத்தனை சிறிய மூலக்கூறுக்கு எதிர்ப்பொருள் உண்டாகாது என்று வல்லுநர்கள் மறுத்தனர். தலைப்பிலிருந்து அச்சொல்லை நீக்கிய பின்னரே 1956-இல் கட்டுரை அச்சேறியது.

இந்த உண்மையிலிருந்தே அளவீட்டு முறை பிறந்தது. எதிர்ப்பொருளைச் சில இருக்கைகளே கொண்ட பேருந்தாக எண்ணுங்கள். கதிரியக்க இன்சுலினும் நோயாளியின் இன்சுலினும் இடத்துக்குப் போட்டியிடும். இரத்தத்தில் இன்சுலின் மிகுந்தால், இடம்பிடிக்கும் கதிரியக்க இன்சுலின் குறையும். அந்தக் கதிரியக்கத்தை அளந்து, தெரிந்த அளவுகளோடு ஒப்பிட்டால் விடை கிடைக்கும். இதுவே ‘ரேடியோ இம்யூனோ அஸ்ஸே’. பிறந்த குழந்தையின் தைராய்டுக் குறையைக் கண்டறியவும், தானமாகப் பெற்ற இரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமியைத் தேடவும் இம்முறை உதவியது. இருவரும் இதற்குக் காப்புரிமை பெறவில்லை.

பெர்சன் 1972-இல் மறைந்தார். 1977-இல் யாலோவுக்கு மருத்துவ நோபல் பரிசில் பாதி கிடைத்தது. கெர்ட்டி கோரிக்குப் பின் அப்பரிசைப் பெற்ற இரண்டாவது பெண் அவர். 2011-இல் காலமானார்.

ஒன்றைச் சிந்தியுங்கள். போர் ஓர் இடத்தைக் காலி செய்திராவிட்டால் யாலோ சுருக்கெழுத்தோடு நின்றிருக்கக்கூடும். அப்படி நின்றுபோனவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் கண்டுபிடித்திருக்கக்கூடிய மருந்துகளையும் முறைகளையும் நாம் இழந்தே இருக்கிறோம். ஆகவே, உங்கள் வீட்டுப் பெண் அறிவியல் படிக்க விரும்பினால், “படித்து என்ன வேலை கிடைக்கும்?” என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.