நாணயம் காண ஒரு நாற்காலி

ஆரணி என்றதும் பட்டுதான் நினைவுக்கு வரும். 1751-இல் அங்கே கிளைவின் படையும், பிரெஞ்சுக்காரரின் துணைபெற்ற ராஜா சாகிபின் படையும் மோதின. அப்போட்டியின் சாட்சி ஆற்காட்டு ரூபாய். சுமார் 11 கிராம் வெள்ளி. நவாபின் இசைவோடு 1736-இல் பிரெஞ்சுக்காரரும் 1742-இல் ஆங்கிலேயரும் அதை அச்சிடும் உரிமை பெற்றனர். இரண்டிலும் முகலாயப் பேரரசரின் பெயர், பாரசீக எழுத்தில். புதுச்சேரி நாணயத்தில் பிறை, சென்னை நாணயத்தில் தாமரை. வேற்றுமை அச்சிறு குறியில்தான்.

பெரிய நாணயக் கண்காட்சிகளின் நெரிசலில், கண்ணாடிமேல் கூசும் விளக்கொளியில், கால்கடுக்க நின்று எட்டிப்பார்ப்பவருக்குப் பிறையும் தெரியாது, தாமரையும் தெரியாது; வெறும் வெள்ளி வட்டம்தான் தெரியும். சாய்வாக விழும் ஒளி, ஓர் உருப்பெருக்கி, அமர ஒரு நாற்காலி, அருகில் குடிநீர்: இவற்றை ஆடம்பரம் என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் இவை இல்லாத இடத்தில் அந்த வரலாறு கண்ணுக்கு எட்டுவதில்லை.

பட்டுக் கடையில் வந்தவரை அமர்த்திய பிறகே சேலையை விரிப்பார்கள். சரிகையின் நயம் காண நிதானம் வேண்டும் என்பதை வணிகர் அறிவர். சேலைக்குக் கிட்டும் அந்த மரியாதை, நாணயத்துக்கும் அதைத் தேடிவரும் முதியவருக்கும் கிட்டலாகாதா?