நீர் இறங்கக் காத்திருந்த தோணிகள்

நம்மவர் வரலாறு என்றதும் நாம் தேக்காவைத்தான் காட்டுகிறோம். ஆனால் நம்மவர் அதற்கும் முன்பே சிங்கப்பூர் ஆற்றில் உழைத்தார்கள்.

1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் ஆற்றை ஒட்டிச் சூலியா கம்பத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களில் பலர் தோணிக்காரர்கள். பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிடும். சரக்கை இறக்கி ‘போட் கீ’ கிடங்குகளுக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்களே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அத்தொழில் சீனர்கள் கைக்கு மாறியது.

சில நாடுகளில் ஆற்றுப் படகுகளை நிறுத்தி, நீரை ஏற்றி இறக்கி வழிவிடும் மதகுகள் உண்டு. இங்கே கடலே மதகு! 1869இல் கட்டி முடிக்கப்பட்ட கேவனா பாலம் தாழ்வானது. கடல்நீர் ஏறிவிட்டால் சரக்குப் படகுகள் நீர் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆற்றைச் சுத்தப்படுத்த 1977இல் பிரதமர் லீ குவான் இயூ வலியுறுத்தினார். 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்டன. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தது. கடல்நீர் ஆற்றில் ஏறி இறங்குவது நின்றது. இன்று சுற்றுலாப் படகுகள் காத்திருப்பதில்லை.

சுத்தமான ஆறு நமக்குப் பெருமைதான். ஆனால் அதில் உழைத்தவர்களை மறக்கலாமா? சூலியா ஸ்திரீட், 1826இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், தெலுக் ஆயர் நாகூர் தர்கா மூன்றும் ஆற்றிலிருந்து நடக்கும் தூரம்தான். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

அந்தத் தோணிக்காரர்களிடம் கதை கேட்க இனி வழியில்லை. துறைமுகத்தில் உழைத்த பெரியவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.